‘நார்மல்’ என்றது சி.டி., ‘அடைப்பு’ என்கிறது எம்.ஆர்.ஐ.: உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டுமா?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வாசகி தன் கணவரைப் பற்றி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

கணவருக்கு வயது 53. கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுகிறார். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு, பீடியும் உண்டு. பழைய விபத்தில் முறிந்த வலது காலில் கம்பி வைத்திருக்கிறது. ஐப்பசியில் ஒரு மாலை, ஆட்களோடு மலையிறங்கும்போது கியர் மாற்றப் போன இடது கை கியர் தடியின் மேலேயே மரத்து நின்றுவிட்டது. பின்னால் இருந்த பெண் ‘என்னண்ணே ஆச்சு’ என்று கேட்டதற்கு வந்த பதில் யாருக்கும் புரியவில்லை. எப்படியோ வண்டியை ஓரங்கட்டிவிட்டார். இருபது நிமிடத்தில் கையும் பேச்சும் பழையபடி ஆகிவிட்டன. அன்றிரவு எடுத்த சி.டி. ஸ்கேன் நார்மல் என்று வந்தது. வாயுக்கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு ஒருவேளை உணவோடு இருந்தவர், ஒரு விடியற்காலையில் குளித்துவிட்டு எழும்போது இடது கால் மடிந்து விழுந்தார். முக்கால் மணி நேரத்தில் எழுந்து நடந்தாலும், இடது கை விரல்களால் சட்டைப் பொத்தான் போட இன்றும் தடுமாறுகிறார். மூன்றாம் நாள் எடுத்த எம்.ஆர்.ஐ.யில், மூளையின் வலப்பக்கம் சில புதிய சிறு பாதிப்புகளும், வலது நடு மூளைத் தமனியில் 70 முதல் 80 சதவீத அடைப்பும் தெரிந்தன. அரசு மருத்துவர் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளும், கொழுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளும் எழுதிக் கொடுத்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில், இரண்டு முறை வந்துவிட்டதால் இனி மாத்திரைக்கு அடங்காது, ஒரு வாரத்துக்குள், குறுகிய ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்டை வைக்க வேண்டும், மூன்றரை லட்சம் ஆகும் என்கிறார்கள். கொழுந்தனார் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கத் தயாராக நிற்கிறார். எந்த ஸ்கேன் பொய் சொல்கிறது, ஸ்டென்ட் வைக்கலாமா, திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூளைக்குக் கெடுதலா என்பவை வாசகியின் கேள்விகள்.

அம்மா, நீங்கள் கேட்டவற்றுக்கு வருவதற்கு முன்னால், கடிதத்தின் நடுவே போகிற போக்கில் எழுதிச் சென்ற ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். கையில் அங்கங்கே ரத்தம் கட்டுகிறது என்று, அந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றைப் பத்து நாளாக நிறுத்தியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டென்டைப் பற்றிய முடிவு இன்னும் சில நாள் பொறுக்கும், இது பொறுக்காது. மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவரை இன்றே பார்த்து அல்லது தொலைபேசியில் பிடித்து இதைச் சொல்லுங்கள். முன்கையில் காசு அளவுக்கு வரும் நீலத் தழும்பு, மாத்திரை வேலை செய்வதன் அடையாளமே தவிர, பெரும்பாலும் ஆபத்து அல்ல. மருத்துவர் பார்த்துவிட்டு அதே மாத்திரையைத் தொடரச் சொல்லவே வாய்ப்பு அதிகம். மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, இதுவரை வந்திராத கடுமையான தலைவலி வந்தாலோ நிலைமை வேறு. தொலைபேசி பேசிக்கொண்டிராமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இன்னொன்று: கால் வலிக்கும்போதெல்லாம் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவார் என்கிறீர்கள். அந்த வகை மாத்திரைகளில் பல, இந்த மருந்துகளோடு சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5 என்று, அதாவது சற்று அதிகமாக, எழுதியிருக்கிறீர்களே, அதில் சர்க்கரைக்கு மட்டுமல்லாமல் அந்த வலி மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம்.

எந்த ஸ்கேனும் பொய் சொல்லவில்லை

சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிரால் எடுக்கப்படுவது. தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் அதில் பளிச்சென்று தெரியும். அவசரப் பிரிவில் முதலில் அதை எடுப்பதும் அதற்காகத்தான். ஆனால் ரத்தம் போகாமல் ஒரு சிறு பகுதி வாடிப்போவது, முதல் பல மணி நேரத்துக்கு அதில் தெரியாமலே போகக்கூடும். சிறிய பாதிப்பானால் பிறகும் தெரியாது. ஆகவே அன்றிரவு வந்த ‘நார்மல்’ என்ற சொல்லுக்கு ‘ரத்தக்கசிவு இல்லை’ என்பதுதான் பொருள். ‘ரத்தக்குழாய் நன்றாக இருக்கிறது’ என்பதல்ல. குழாயைப் படத்தில் துலக்கிக் காட்டும் மருந்துப் பொருளை ஊசியில் செலுத்தாமல் எடுக்கும் சாதாரண சி.டி.யில் குழாயின் உட்பக்கம் தெரியவே தெரியாது. அன்று தவறியது கருவியிடம் அல்ல, கதையைக் கேட்டவர்களிடம். கையும் பேச்சும் ஒரே நேரத்தில் போய், இருபது நிமிடத்தில் திரும்பி வந்தது என்றால் அது வாயு அல்ல. மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைபட்டிருக்கிறது. வலி இல்லாமல் வந்து தானே சரியாகிவிடுவதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உண்மையில் அடுத்து வரக்கூடிய பெரிய பக்கவாதத்துக்கு முன்னால் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

எம்.ஆர்.ஐ. வேலை செய்யும் விதம் வேறு. நம் உடலில் நிறைந்திருக்கும் நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களைப் பெரிய காந்தத்தால் ஒழுங்குபடுத்தி, ரேடியோ அலையால் தட்டி, அவை திருப்பித் தரும் சமிக்ஞையைப் படமாக்குகிறார்கள். ஒரே முறை உள்ளே படுத்தாலும் எடுக்கப்படுவது ஒரு படம் அல்ல, பல வரிசைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. டிஃப்யூஷன் என்ற வரிசை, நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்று பார்க்கிறது. ரத்தம் கிடைக்காத செல்கள் வீங்கும்போது அந்த அசைவு குறைந்து, அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக ஒளிரும். இது பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தெரிய ஆரம்பித்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மங்கிவிடும். உங்கள் கணவருக்கு மூன்றாம் நாளே எடுத்தது நல்லதாயிற்று. ஒரு மாதம் கழித்து எடுத்திருந்தால் அந்தப் புள்ளிகள் புதியவையா பழையவையா என்று சொல்ல முடியாமல் போயிருக்கும். முழுவதும் குணமாகிவிட்டது என்று நாம் நினைக்கும் இத்தகைய தற்காலிகத் தாக்குதல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் படத்தில் தழும்பு தெரிகிறது.

அறிக்கையில் நுண் ரத்தக்கசிவுகள் இல்லை என்று ஒரு வரி இருப்பதாக எழுதி, அதற்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். அது வேறொரு வரிசையில் பார்த்துச் சொல்வது. உங்களுக்கு அது நல்ல செய்தி. ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும் மருத்துவருக்கு அந்த வரி தைரியம் தருகிறது. இடது வெர்டிப்ரல் தமனி ‘ஹைப்போபிளாஸ்டிக்’ என்றிருப்பதைக் கைப்பேசியில் தேடிப் பார்த்து, இன்னொரு குழாயும் அடைத்துவிட்டது என்று பயந்திருக்கிறீர்கள். அது அடைப்பு அல்ல. பிடரி வழியாக மூளைக்கு ஏறும் இரண்டு குழாய்களில் ஒன்று பிறவியிலேயே சற்று ஒல்லியாக இருக்கிறது, அவ்வளவுதான். நலமாக இருக்கும் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் இருக்கும்; மற்றொரு குழாய் ஈடுகட்டிவிடும்.

அந்த 70, 80 சதவீதம்

குழாயைக் காட்டிய படம் எம்.ஆர். ஆஞ்சியோ. மருந்துப் பொருள் எதுவும் ஊசியில் ஏற்றாமலே அதை எடுத்திருக்கிறார்கள்; சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருக்கும் ஒருவருக்கு அது பெரிய வசதி. அசையாத திசுக்களின் சமிக்ஞையை அடுத்தடுத்த அலைகளால் அமுக்கிவிட்டு, அந்தத் தளத்துக்குள் புதிதாக ஓடிவரும் ரத்தத்தை மட்டும் ஒளிரவிடுவதுதான் அதன் உத்தி. அதாவது அது காட்டுவது குழாயின் சுவரை அல்ல, ஓட்டத்தை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் உங்கள் ஊர் வாய்க்காலில் வரும்போது, சாய்ந்த வெயிலில் தூரத்திலிருந்து பாருங்கள். சீராக ஓடும் இடம் மின்னும். மதகு குறுகி நீர் சுழித்துக் குழம்பும் இடத்தில் அந்த மினுக்கம் உடைந்துவிடும். பார்ப்பவருக்கு அங்கே தண்ணீரே இல்லை என்று தோன்றும், ஆனால் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும். குறுகலான இடத்தில் ரத்தம் சுழல்வதாலும் மெதுவாவதாலும் இந்த வகைப் படம் அடைப்பை இருப்பதைவிட அதிகமாகக் காட்டுவது நாங்கள் அன்றாடம் பார்ப்பது. 80 என்று வந்தது, உள்ளே கம்பிவழி செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோவில் 60 ஆக இறங்கலாம். படம் எடுக்கும்போது தலையை அசைத்திருந்தால் இன்னும் மோசமாகத் தெரியும்.

இதனால் அடைப்பே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வெள்ளைப் புள்ளிகள் அதே குழாய் பாயும் பகுதியில், அதுவும் அதன் கிளைகள் எட்டிப் பாயும் கடைசி எல்லையில், வரிசையாக இருப்பதாக அறிக்கை சொல்கிறது. ஓட்டத்தின் வேகம் குறையும்போது முதலில் வாடுவது கடைமடை என்பது விவசாயக் குடும்பத்தில் பிறந்த உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாம் முறை வந்தது விரத காலத்தில், ஒருவேளை உணவோடு இருந்த விடியற்காலை என்பதும் எனக்கு அதையே காட்டுகிறது. இனி அவர் தண்ணீரில்லாமல் வயிற்றைக் காயப்போடக் கூடாது. ரத்த அழுத்தத்தையும் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், மடமடவென்று அல்ல.

ஸ்டென்ட் வைக்கலாமா?

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நலமாக நடமாடுகிறவர்களைப் பார்த்திருப்பதால், தலையிலும் அப்படித்தான் என்று கொழுந்தனார் நினைப்பது இயல்பு. மூளைக் குழாய்கள் மெல்லிய சுவர் கொண்டவை. அவற்றிலிருந்து நுண்ணிய கிளைகள் பிரிந்து ஆழத்துக்குள் போகின்றன. விரிக்கும்போது அந்தக் கிளைகளின் வாய் அடைபடலாம், சுவர் கிழியலாம். 2011-இல் அமெரிக்காவில் வெளியான சாம்பிரிஸ் என்ற ஆய்வு, உங்கள் கணவரைப் போல மூளைக் குழாயில் 70 முதல் 99 சதவீத அடைப்பும் அண்மையில் தாக்குதலும் உள்ள 451 பேரைக் கொண்டு நடந்தது. தீவிர மருந்து சிகிச்சை பெற்றவர்களில் முதல் 30 நாளில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது 5.8 சதவீதம் பேருக்கு. அதே மருந்துகளோடு ஸ்டென்டும் வைக்கப்பட்டவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு. 2022-இல் சீனாவிலிருந்து வந்த மற்றொரு ஆய்வில், கைதேர்ந்தவர்கள் பொறுக்கி எடுத்த நோயாளிகளுக்கு வைத்தும், மருந்தைவிட ஸ்டென்ட் கூடுதல் பயன் தந்ததாகத் தெரியவில்லை. ஸ்டென்ட் இல்லாமல் பலூனால் மட்டும் மெல்ல விரிப்பதைப் பற்றி 2024-இல் சீனாவிலிருந்தே நம்பிக்கை தரும் முடிவு ஒன்று வந்திருக்கிறது. ஆகவே இந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்றைய நிலையில் முதல் சிகிச்சை மருந்துதான்.

மருந்தை முறையாகச் சாப்பிட்டும் அதே குழாயால் மீண்டும் தாக்குதல் வருகிறவர்களுக்கு மட்டுமே உள்ளே கம்பி செலுத்துவதைப் பற்றி நாங்கள் யோசிப்போம். ‘இரண்டு முறை வந்துவிட்டது, மாத்திரைக்கு அடங்காது’ என்ற வாதம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஐப்பசியில் வந்தபோதும் அவர் மாத்திரை சாப்பிடவில்லை, கார்த்திகையில் வந்தபோதும் சாப்பிடவில்லை. மருந்து தோற்கவில்லை அம்மா. அதற்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. மாத்திரை தொடங்கிய பின் இதுவரை ஒன்றும் வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாம்பிரிஸ் ஆய்வில் இரண்டு மாத்திரைகளும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது 90 நாட்கள், அதன் பின் ஒன்று மட்டும். ஆயுள் முழுக்க இரண்டையும் விழுங்க வேண்டியிருக்குமோ என்ற பயமும் வேண்டாம்.

கம்பிவழி ஆஞ்சியோ எடுத்துச் சதவீதத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளலாமே என்று கேட்கலாம். தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்தி, அயோடின் கலந்த மருந்தை ஏற்றி எடுக்கும் அந்தப் பரிசோதனைதான் துல்லியத்தில் முதலிடம். ஆனால் அதனாலேயே பக்கவாதம் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக என்றாலும் இருக்கத்தான் செய்கிறது, கிரியாட்டினின் 1.5 உள்ளவருக்கு அந்த மருந்து சிறுநீரகத்துக்கும் சுமை. 60 என்றாலும் 80 என்றாலும் இன்று அவருக்குக் கொடுக்கப்போவது அதே மாத்திரைகள்தான் என்னும்போது, அந்தப் பரிசோதனையை இப்போது எடுக்க நான் அவசரப்படமாட்டேன்.

அதைவிட அவசியமான வேறொன்று விடுபட்டிருக்கிறது. நீங்கள் அனுப்பியுள்ள அறிக்கையில் தலைக்குள் உள்ள குழாய்கள் மட்டுமே இருக்கின்றன. கழுத்துக் குழாய்களைப் பற்றியோ, ஈ.சி.ஜி., எக்கோ பற்றியோ எதுவும் இல்லை. இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்து அங்கிருந்து ரத்தக்கட்டி கிளம்பியிருந்தால் அதற்கு வேறு வகை மாத்திரை தேவை. இவை செலவு குறைந்தவை, வலியில்லாதவை. முதலில் இவற்றை முடித்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் அந்தக் குகைக்குள்

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது. தேவைக்காக மீண்டும் எடுப்பதால் மூளை கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பயப்பட வேண்டியது காந்தத்துக்கு, வழக்கமான 1.5 டெஸ்லா கருவியின் காந்தப்புலம் பூமியினுடையதைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு, ஆள் இல்லாத நேரத்திலும் அது அணைந்திருப்பதில்லை. காலில் எலும்போடு இறுகிய கம்பி பொதுவாகத் தடையல்ல. ஒருமுறை எடுத்தும் ஆயிற்று. என்றாலும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன்: ஜீப்பின் வெல்டிங், கிரைண்டிங் வேலைகளையும் அவரே பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள், எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் தெறித்திருக்கிறதா? உள்ளே தங்கிய சிறு துகள் காந்தத்தில் நகர்ந்தால் பார்வையே போகலாம். பல இடங்களில் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்தையும் மறக்காமல் கழற்றச் சொல்லுங்கள்.

முதல் முறை பயந்து மணியை அழுத்தி வெளியே வந்துவிட்டாராம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பலர் அப்படித்தான். உள்ளே போவதற்கு முன்பே கண்ணின் மேல் ஒரு துணியைப் போட்டுக் கட்டிவிட்டால், எவ்வளவு நெருக்கமான இடம் என்பது தெரியாது. உலோகம் எதுவும் உடம்பில் இல்லாமல் நீங்களும் உள்ளே சென்று அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் அனுமதிப்பார்கள்.

பத்திரத்தை அடகு வைக்கும் முன்

காகித அறிக்கை மட்டும் போதாது. படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். அதை எடுத்துக்கொண்டு, ஸ்டென்ட் வைப்பதில் வரவு இல்லாத ஓரிடத்தில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்: மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் துறை, அல்லது திருவனந்தபுரத்தில் மத்திய அரசின் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம். அப்புறமும் உள்ளே கம்பி செலுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அது அடங்குமா, எந்த மருத்துவமனையில் அடங்கும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். ஒரு வாரம் என்று கெடு வைத்தவர்களிடம், ‘மருந்து சாப்பிட்டு ஒன்றும் வராத நிலையில் ஏன் ஒரு வாரம்?’ என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். நேர்மையான பதில் இருந்தால் சொல்லுவார்கள்.

கடிதத்தின் கடைசியில், ‘வீட்டில் சும்மா இருக்க முடியாமல் போன வாரம் ஜீப்பை மறுபடி எடுத்துவிட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தைரியமாகத் திரும்பிவிட்டார் என்ற பெருமை அதில் தெரிகிறது. அம்மா, அந்த வண்டியை அவர் இப்போது ஓட்டக் கூடாது. ஐப்பசியில் கை நின்றபோது அடுத்த வளைவுக்கு எவ்வளவு தூரம் இருந்தது என்று அவரையே கேளுங்கள். பின்னால் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். பிரிட்டனில் இத்தகைய தாக்குதலுக்குப் பிறகு சொந்தக் காருக்கே ஒரு மாதமும், பேருந்து, லாரி ஓட்டுநர்களுக்கு ஓர் ஆண்டும் தடை. நரம்பியல் மருத்துவர் விரல்களைப் பரிசோதித்து எழுத்தில் கொடுக்கும்வரை வேறு ஓட்டுநரைப் போட்டு வண்டியை ஓட்டுங்கள். வருமானம் பாதியானாலும் வண்டி கையில் இருக்கும்.

பீடியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. மாலை போட்ட நாளிலிருந்து ஒன்றுகூடத் தொடவில்லை, மருத்துவமனையிலிருந்து வந்த பின்தான் மறுபடி ஆரம்பித்தார் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். விட முடியாது என்று அவர் இனி சொன்னால் அந்த நாட்களை நினைவுபடுத்துங்கள். முகம் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஐந்தே நிமிடத்தில் சரியானாலும், இரண்டு மாநிலத்திலும் 108 தான். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசிக்கு இருக்கும் அவகாசம் நான்கரை மணி நேரம். அதில் மலையிறங்கவே கொஞ்சம் போய்விடும். எனவே அறிகுறி தொடங்கிய நேரத்தைக் கூட இருப்பவர் உடனே குறித்துக்கொள்ள வேண்டும்.